அட்டையில் அச்சாகாத மசோதாக்கள்

குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய கையோடு வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிட்ட பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களைத்தான் சொல்கிறேன். அதிபர் தேர்தல் என்றால் விடிய விடியப் பேசுகிறீர்கள். பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது வரை விரல்நுனியில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் மாநில செனட்டர் யார் என்று கேட்டால் முழிக்கிறீர்கள். தேர்தல் நெருங்கியதும் அவர் வழவழப்பான அட்டையாகத் தபால்பெட்டிக்குள் வந்து விழுகிறார். முன்பக்கம் பள்ளிக் குழந்தைகள் நடுவே சிரித்த முகம். பின்பக்கம் சாதனைகள், முன்னுரிமைகள். அதை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுவது உங்கள் படிப்புக்கு அழகில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதை, சாக்ரமெண்டோ சட்டமன்றத்தை வெகுகாலமாகக் கவனித்துவரும் கிழவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உதாரணங்களைப் பெரும்பாலும் ஸ்காட் வீனர் என்ற ஒருவரிடமிருந்தே எடுக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 2016இல் செனட்டுக்குத் தேர்வானவர். 2020இலும் 2024இலும் மறுபடி மக்கள் முன்னால் போய் நின்று வென்றவர். அவர் நல்லவரா கெட்டவரா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அவர் தொகுதியிலேயே இல்லை. ஆனால் அவர் கொண்டுவந்த மசோதாக்கள் ஏராளம், அவற்றில் தோற்றவையும் நிறைய, எல்லாமே பொதுப்பதிவில் இருக்கின்றன. பழகிக்கொள்ள வசதியான ஆள்.

1. முதலில் உங்கள் செனட்டர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியா செனட்டில் 40 பேர்தான். மாநிலத்தின் மக்கள்தொகையை வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் வருகிறார்கள். வாஷிங்டனுக்குப் போகும் நம் காங்கிரஸ் உறுப்பினர்கள் 52 பேர். அவர்களுக்கே தலைக்கு ஏழரை லட்சத்துச் சொச்சம்தான். டிவியில் முகம் தெரியாத மாநில செனட்டர், டிவியில் தினமும் பேசும் காங்கிரஸ்காரரைவிட அதிகம் பேருக்குப் பிரதிநிதி. தமிழ்நாட்டில் மேலவையை 1986இல் கலைத்துவிட்டதால், மேல்சபை என்றாலே அலங்காரம் என்ற நினைப்பு நமக்கு இருக்கிறது. இங்கே அப்படியில்லை. 80 பேர் கொண்ட அசெம்பிளியும் 40 பேர் கொண்ட செனட்டும் ஒரே வாசகத்தை, எழுத்து மாறாமல் நிறைவேற்றினால்தான் அது ஆளுநர் மேஜைக்குப் போகும். வாடகை உயர்வுக்கு வரம்பு, வீட்டு மனைக்கு அனுமதி, பள்ளிக்குப் பணம், கார் இன்ஷூரன்ஸ், மாநில வருமான வரி என்று உங்கள் வீட்டு வரவுசெலவைத் தொடும் பாதி விஷயங்கள் இங்கேதான் முடிவாகின்றன.

பதவிக்காலம் 4 வருடம். இரட்டைப்படை எண் கொண்ட தொகுதிகளுக்கு 2022, 2026 என்று ஆளுநர் தேர்தலோடு வரும். ஒற்றைப்படைத் தொகுதிகளுக்கு 2020, 2024 என்று அதிபர் தேர்தலோடு வரும். இரண்டு அவைகளும் சேர்த்து ஒருவர் 12 வருடம்தான் இருக்கலாம்.

2. "இத்தனை மசோதாக்களைச் சட்டமாக்கினேன்" என்ற எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். பழைய சட்டத்தில் ஒரு தேதியைத் திருத்துவதும் மசோதாதான், மாநிலத்தின் முகத்தையே மாற்றுவதும் மசோதாதான். அட்டையில் இரண்டும் ஒவ்வொன்றாகத்தான் எண்ணப்படும். பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து என்று நம் சங்கத்துக்கு ஃப்ரேம் போட்டுத் தரும் தீர்மானங்கள் இருக்கின்றனவே, அவை மசோதாவே அல்ல, சட்டபலமும் அவற்றுக்குக் கிடையாது. மேடையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025இல் தொடங்கிய அவைக்காலத்திலிருந்து ஒரு உறுப்பினர் இரண்டு வருடத்தில் 35 மசோதாக்கள்தான் கொண்டுவரலாம் என்று விதியை இறுக்கியிருக்கிறார்கள். அந்த 35 இடத்தை எதற்குச் செலவழித்தார் என்று கேட்பதுதான் கேள்வி.

3. செத்த மசோதாக்களைத் தேடிப் படியுங்கள். நான் சொல்பவற்றில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஜெயித்த மசோதா, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சியது. அந்த மனிதர் உண்மையில் என்ன விரும்பினார், அதற்காக யாரைப் பகைத்துக்கொள்ளத் துணிந்தார் என்பது தோற்றதில்தான் தெரியும்.

வீனரின் கதையை வரிசையாகப் பாருங்கள். 2018இல் எஸ்.பி. 827 (செனட் பில் 827) என்று ஒன்று கொண்டுவந்தார். ரயில் நிலையங்களுக்கும் அடிக்கடி பஸ் ஓடும் தடங்களுக்கும் பக்கத்தில் பல மாடிக் குடியிருப்புகள் கட்டுவதை நகராட்சிகள் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தனி வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வாடகைக்காரர்களுக்காகப் போராடும் அமைப்புகளும் எதிர்த்தன. புதுக் கட்டடம் வந்தால் பழைய வாடகைக்காரன் தெருவில் நிற்பான் என்பது அவர்கள் பயம். அந்த வருடம் ஏப்ரலில், முதல் கமிட்டியிலேயே மசோதா விழுந்தது.

அதே வருடம் டிசம்பரில், புது அவைக்காலம் தொடங்கிய அன்றே, எஸ்.பி. 50 என்று திரும்பி வந்தார். இம்முறை வாடகைக்காரர் குடியிருக்கும் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு, ஏழை மக்கள் வாழும் பகுதிகளுக்குக் கால அவகாசம் எல்லாம் சேர்த்திருந்தார். 2019 மே மாதம் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியின் தலைவர் ஆந்தனி போர்ட்டன்டினோ அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார். காரணம் கேட்டு யாரும் அவரை மடக்க முடியாது, அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு அதிகாரம். 2020 ஜனவரியில் செனட் தலைவர் டோனி அட்கின்ஸ் அந்தக் கமிட்டியைச் சுற்றிக்கொண்டு மசோதாவை அவைக்கு நேரே கொண்டுவந்தார். ஆதரவு 18, எதிர்ப்பு 15. தேவை 21. மசோதா போய்ச் சேர்ந்தது. அதே வருடம் நவம்பரில் வீனர் மறுதேர்தலைச் சந்தித்தார்.

தன் பெயர் சொல்லும் மசோதா தோற்ற வருடத்தில் ஓட்டுக் கேட்கப் போகும் அரசியல்வாதி அதைப் பற்றி என்ன பேசுகிறார் என்று கவனிப்பது நல்ல பயிற்சி. சிலர் வாயே திறக்க மாட்டார்கள். வீனர் அந்த விஷயத்தை விடவில்லை. 2025இல் எஸ்.பி. 79 என்ற எண்ணில் அதே எண்ணம் மூன்றாம் முறை வந்தது. அக்டோபர் 10 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். ஆனால் 827இல் இருந்த வீச்சு 79இல் இல்லை. அது எட்டு கவுன்டிகளில், ரயில் மற்றும் அதிவிரைவு பஸ் நிலையங்களை ஒட்டி மட்டுமே செல்லும். நம்மவர்கள் நெருக்கமாக வாழும் சாண்டா கிளாராவும் அலமீடாவும் அந்த எட்டில் உண்டு. ஏழு வருடத்தில் எதை விட்டார், எதை விடவில்லை என்று மூன்று மசோதாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் குணம் பற்றி அட்டை சொல்லாதது எல்லாம் தெரியும். பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள், விடாமுயற்சி என்று சிலர். என் வீட்டிலேயே இரண்டு கட்சி இருக்கிறது.

4. வாக்களிக்காதவர்கள் யார் என்று பாருங்கள். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள்: 18 பெரிது, 15 சிறிது, ஆனாலும் மசோதா தோற்றது. ஏனென்றால் இங்கே அவையில் இருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. 40 இடத்தில் பாதிக்கு மேல், அதாவது 21 ஆதரவு விழுந்தாக வேண்டும். வராமல் போனாலும், வந்து சும்மா உட்கார்ந்திருந்தாலும், "நோ" சொன்னதற்குச் சமம். இதில் ஒரு வசதி இருக்கிறது, புரிகிறதா? எதிர்த்தேன் என்ற கெட்ட பெயர் இல்லாமலேயே எதிர்க்கலாம். சொந்தக் கட்சிக்காரரின் மசோதா, எதிர்த்தால் அவர் கோபிப்பார், ஆதரித்தால் ஊரில் ஒரு கூட்டம் கோபிக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் சமாளித்துக்கொள்ளலாம்.

கால்மேட்டர்ஸ் என்ற செய்தி நிறுவனம் 2024இல் "டிஜிட்டல் டெமாக்ரசி" என்ற தேடுதளத்தைத் திறந்தது. அதில் உங்கள் செனட்டர் பெயரைப் போட்டால் ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்கவில்லை என்று தனித்தனியாக வரும். கமிட்டியில் பேசிய வீடியோவும் வரும். வாக்களிக்காத பட்டியலில் ஒரே விஷயம், உதாரணத்துக்குப் போலீஸோ எண்ணெய்க் கம்பெனியோ, திரும்பத் திரும்ப வந்தால் அவரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். உடம்புக்கு முடியாமல் ஒரு வாரம் வராதவரைப் பிடித்துக்கொண்டு ஆடாதீர்கள், தேதியையும் பாருங்கள்.

5. சஸ்பென்ஸ் ஃபைல் என்ற பெயரைக் கேட்டால் சினிமா மாதிரி இருக்கும். நடப்பது அதைவிடச் சுவாரசியம். மாநிலப் பொதுநிதிக்கு 50,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதா என்றால், செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டி அதை இந்த ஃபைலில் ஓரமாக எடுத்து வைத்துவிடும். மே மாதம் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள், ஓரமாக வைத்த நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலைவிதியை ஒரே மூச்சில் படிப்பார்கள். சாட்சி கிடையாது, விவாதம் கிடையாது. தலைவர் எண்ணை வாசிப்பார், முடிவை வாசிப்பார், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் மசோதா கடந்து போயிருக்கும். "நிறுத்திவைக்கப்பட்டது" என்று வாசித்தால் அதோடு சரி.

ஆகவே, "செலவு அதிகம் என்பதால் என் மசோதா நின்றுபோனது" என்று உங்கள் செனட்டர் சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். உண்மையாகவே செலவு காரணமாக இருக்கலாம். ஆனால் ஜனநாயகக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் இருக்கும் இந்தச் சட்டமன்றத்தில், எதிர்க்கட்சி ஒரு மசோதாவைக் கொல்வது அபூர்வம். கொல்வது சொந்தக் கட்சிக்காரர்கள், அதுவும் இந்த மாதிரி சத்தமில்லாத அறையில். உங்கள் செனட்டர் அந்தக் கமிட்டியில் உறுப்பினர் என்றால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

6. மசோதா நடுவில் எப்படி மாறியது என்று பாருங்கள். சட்டமன்றத்தின் அதிகாரபூர்வ வலைத்தளத்தில் ஒவ்வொரு மசோதாவின் எல்லா வடிவங்களும் உண்டு. நீக்கியது சிவப்பில் குறுக்கே கோடு போட்டு இருக்கும், சேர்த்தது நீலத்தில் சாய்ந்த எழுத்தில் இருக்கும். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. சிவப்பு எங்கே கூடுகிறது என்று கண்ணை ஓட்டினாலே போதும்.

2018இல் இணையச் சமநிலைக்காக வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 822, ஜூன் மாதம் அசெம்பிளிக் கமிட்டி ஒன்றில் உயிர்நாடியான பகுதிகள் வெட்டப்பட்டு வெளியே வந்தது. சத்தம் போட்டார்கள், மக்கள் போன் மேல் போன் போட்டார்கள், சில வாரங்களில் வெட்டியது திரும்ப ஒட்டப்பட்டது. இப்படித் திரும்பி வருவது அடிக்கடி நடப்பதல்ல.

நமக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம் எஸ்.பி. 403. ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பகுதிகளின் செனட்டர் ஆயிஷா வஹாப் 2023இல் கொண்டுவந்தது. வேலையிலும் வீடு கொடுப்பதிலும் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா. சிஸ்கோ கம்பெனி மீது மாநில அரசு 2020இல் போட்ட வழக்கும், ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் போன்றவர்கள் வருடக்கணக்கில் எழுப்பிய குரலும் அதற்கு முன்கதை. இந்து அமைப்புகள் சில தங்களைத் தனியாகக் குறிவைக்கிறார்கள் என்று கடுமையாக எதிர்த்தன. மசோதா முதலில் சாதியைத் தனியொரு பாதுகாக்கப்பட்ட அடையாளமாகச் சேர்த்தது. அசெம்பிளிக்குப் போனபோது, வம்சாவளி என்ற ஏற்கெனவே உள்ள தலைப்புக்குக் கீழே சாதியை அடக்கித் திருத்தினார்கள். நம் வாட்ஸாப் குழுக்களில் சண்டை உச்சத்தில் இருந்தபோது இரண்டு தரப்பிலும் பாதிப் பேர் பழைய வாசகத்தை வைத்துத்தான் அடித்துக்கொண்டார்கள். நீங்கள் ஆதரித்தீர்களா எதிர்த்தீர்களா என்பது உங்கள் மனசாட்சி. கடைசி வடிவத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

7. மசோதாவை எழுதியது யார்? இந்த மாநிலத்தில் வெளியமைப்பு ஒன்று வாசகத்தைத் தயாரித்து, ஒரு உறுப்பினரைப் பிடித்துக் கொண்டுவரச் செய்வது சாதாரணம். அந்த அமைப்பை ஸ்பான்சர் என்பார்கள். ஒளிவுமறைவு இல்லை. கமிட்டி ஊழியர்கள் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு அலசல் அறிக்கை எழுதுவார்கள், அதன் கடைசியில் ஆதரவு, எதிர்ப்பு என்று பெயர்கள் வரிசையாக இருக்கும், ஸ்பான்சர் பெயரும் இருக்கும். வீனரின் வீட்டு மசோதாக்களில் கலிஃபோர்னியா யிம்பி என்ற அமைப்பின் பெயரைப் பார்க்கலாம். ஸ்பான்சர் இருப்பதே குற்றம் என்று நினைக்காதீர்கள், நர்ஸ்கள் சங்கமும் ஸ்பான்சர்தான், மருந்துக் கம்பெனியும் ஸ்பான்சர்தான். ஒருவருடைய மசோதாக்களில் பாதிக்கு மேல் ஒரே வகை ஸ்பான்சர் என்றால் யோசியுங்கள். எனக்குப் பிடித்த வாசிப்பு இந்த அலசல் அறிக்கைகள்தான். பத்திரிகைகளைவிட நேர்மையாக, எதிர்த்தரப்பின் வாதத்தையும் எழுதியிருப்பார்கள்.

8. இரண்டு அவையும் நிறைவேற்றிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இங்கே ஆளுநர் நம் ஊர் ஆளுநர் போல நியமன ஆள் அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்தவர், முதல்வர் மாதிரி. வீட்டோ செய்தால் அதை மீற செனட்டில் 27 வாக்கு, அசெம்பிளியில் 54 வாக்கு வேண்டும். 40 வருடத்துக்கும் மேலாக இந்தச் சட்டமன்றம் ஒரு வீட்டோவைக்கூட மீறியதில்லை. 2023இல் மட்டும் நியூசம் 150க்கும் மேற்பட்ட மசோதாக்களை வீட்டோ செய்தார்.

சாதி பற்றிய அந்த 403 செனட்டில் முதல் தடவை 34க்கு 1 என்று நிறைவேறியது. அக்டோபர் 7 அன்று ஆளுநர் வீட்டோ செய்தார். இருக்கும் சட்டமே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது, இது தேவையில்லை என்றார். மீறும் முயற்சி எதுவும் நடக்கவில்லை. அந்த 34 பேரில் எத்தனை பேர், மேலே ஒருவர் நிறுத்திவிடுவார் என்ற நிம்மதியில் ஆதரித்தார்கள் என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. அதனால்தான் ஒரே வாக்கை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்கிறேன்.

வீட்டோவுக்குப் பிறகு அந்த உறுப்பினர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். செயற்கை நுண்ணறிவு பற்றி வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 1047ஐ 2024 செப்டம்பர் 29 அன்று நியூசம் வீட்டோ செய்தார். 10 கோடி டாலருக்கு மேல் செலவில் உருவாகும் பெரிய மாடல்களைக் குறிவைத்த மசோதா அது. அளவையும் செலவையும் பார்க்கிறதே தவிர ஆபத்தைப் பார்க்கவில்லை என்பது ஆளுநரின் ஆட்சேபம். நம் பிள்ளைகளில் பலர் வேலை பார்க்கும் துறை, ஞாபகம் இருக்கும். வீனர் அடுத்த வருடம் எஸ்.பி. 53 கொண்டுவந்தார். கம்பெனிகள் தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளியிட வேண்டும், பெரிய விபத்துகளை அரசுக்குச் சொல்ல வேண்டும், உள்ளேயிருந்து உண்மையைச் சொல்லும் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று சுருக்கிக்கொண்டார். சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 29 அன்று, அதே ஆளுநர் கையெழுத்திட்டார்.

9. கையெழுத்தான பிறகு என்ன ஆனது? அட்டையில் கதை கையெழுத்தோடு முடிந்துவிடும். ஊரில் அப்படி முடிவதில்லை.

கூபர்டினோக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஸ்டீவன்ஸ் கிரீக் புலவார்டும் வுல்ஃப் ரோடும் சந்திக்கும் இடத்தில் இருந்த பழைய வால்கோ மால் எல்லோருக்கும் தெரியும். வீனர் பதவியேற்ற அன்றே அறிமுகப்படுத்தி, 2017இல் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட எஸ்.பி. 35 என்ன சொன்னது? மாநிலம் விதித்த வீட்டுக் கணக்கை எட்டாத நகராட்சிகள், விதிகளுக்கு உட்பட்ட திட்டத்தை இழுத்தடிக்காமல் அனுமதிக்க வேண்டும் என்றது. மனைக்காரர் 2018இல் அந்தச் சட்டத்தை நகராட்சி முன்னால் எடுத்து வைத்தார்: 2,402 வீடுகள், அதில் பாதி சந்தை விலைக்குக் குறைவானவை. அதே வருடம் அனுமதி கிடைத்தது. குடியிருப்போர் தரப்பு ஒன்று வழக்குப் போட்டது, 2020இல் நீதிமன்றம் திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. இவ்வளவுக்கும் பிறகு மால் இடிக்கப்பட்ட இடம் வருடக்கணக்கில் காலி மண்ணாகக் கிடந்தது. சட்டத்தால் அனுமதியை வேகப்படுத்த முடிந்தது. மண்ணைச் சுத்தம் செய்வது, கடன் வட்டி, கட்டுமானச் செலவு ஆகியவற்றை அதனால் தொட முடியவில்லை. வேறு ஊர்களில் அதே சட்டத்தால் குறைந்த வாடகை வீடுகள் எழும்பியிருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பல சட்டங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. எஸ்.பி. 35 2026 தொடக்கத்தோடு முடிய வேண்டியது. 2023இல் எஸ்.பி. 423 கொண்டுவந்து 2036 வரை நீட்டித்தார்கள். இணையச் சமநிலைக்கான 822ஐ எடுத்துக்கொண்டால், ஆளுநர் கையெழுத்திட்ட அன்றே மத்திய அரசு வழக்குப் போட்டது, நடைமுறைக்கு வர 2021 ஆகிவிட்டது. "நான் கொண்டுவந்த சட்டம்" என்று யாராவது சொன்னால், அது இன்று நடைமுறையில் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

10. சில சமயம் சாதனை வேறொரு எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். பட்ஜெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் துணை மசோதாக்கள் சாதாரணக் கமிட்டிகளின் வழியே போகாமல் சில நாளில் நிறைவேறிவிடும். 2025 ஜூன் 30 அன்று கையெழுத்தான ஏ.பி. 130 (அசெம்பிளி பில் 130), எஸ்.பி. 131 இரண்டும் அந்த வகை. சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டத்திலிருந்து நகருக்குள் கட்டும் வீடுகளுக்கும் வேறு பலவற்றுக்கும் விலக்குக் கொடுத்தன. வீனரின் 607ஆம் எண் மசோதாவில் இருந்த கருத்துகள் 131க்குள் போய்ச் சேர்ந்தன. 607ஐ மட்டும் தேடினால் தோல்வி என்று தோன்றும். இந்த அவசர வழி ஆரோக்கியமானதா என்று கேட்டால், எனக்குப் பிடிக்கவில்லை. நல்லதையும் இப்படிச் செய்யக் கூடாது என்பது என் கட்சி.

11. முன்னுரிமை என்று அட்டையில் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் போடுவார்கள்: வீடு, பள்ளி, பாதுகாப்பு, பருவநிலை. இதில் எதை யார் எதிர்ப்பார்கள்? உண்மையான முன்னுரிமையை மூன்று இடத்தில் பாருங்கள். தேர்தல் முடிந்த டிசம்பரின் முதல் திங்களன்று புது அவை கூடும், அன்றே யார் எதை அறிமுகப்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். எந்தக் கமிட்டியின் தலைவராக இருக்கிறார் அல்லது இருக்க ஆசைப்படுகிறார் என்று பாருங்கள். ஒரே விஷயத்தில் எத்தனை அவைக்காலம் தொடர்ந்து மசோதா போடுகிறார் என்று பாருங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அட்டையை நம்பலாம்.

12. பணம். மாநிலச் செயலாளரின் கால்-ஆக்சஸ் தளத்தில் யார் கொடுத்தார்கள் என்று இருக்கும். 2025, 2026க்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 5,900 டாலர் வரை கொடுக்கலாம். முதல்நிலைத் தேர்தலும் நவம்பரும் தனித்தனிக் கணக்கு. வேட்பாளரைக் கலக்காமல் வெளியாள் தானாகச் செலவழித்தால் அதற்கு வரம்பே இல்லை, பெரிய பணம் அந்த வழியில்தான் ஓடுகிறது. வசவு அட்டைகள் பெரும்பாலும் அந்தப் பணத்தில் அச்சானவை. கீழே பொடி எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

13. எதிர்த்து நிற்பவரையும் இதே தராசில் வையுங்கள். முதல்நிலைத் தேர்தலில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சியாக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். 2010இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த முறை இது. 2020இல் வீனரை எதிர்த்தவர் ஜாக்கி ஃபீல்டர், அவரும் ஜனநாயகக் கட்சிதான், ஆனால் இடதுசாரி. வீட்டு விஷயத்தில் வீனர் மனைத்தொழில் முதலாளிகள் பக்கம் சாய்கிறார் என்பது அவர் தரப்பின் குற்றச்சாட்டு. வீனர் சுமார் 57 சதவீதம் பெற்றார். கட்சிச் சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மாதிரித் தேர்தல்தான் பரீட்சை, பதிவைப் படிக்காமல் தப்பிக்க வழியே இல்லை. புதியவருக்குச் சட்டமன்றப் பதிவு இருக்காது. நகரசபையிலோ பள்ளி போர்டிலோ இருந்திருந்தால் அங்கே எப்படி வாக்களித்தார் என்று தேடுங்கள். எதுவுமே இல்லையென்றால், மேலே சொன்ன எஸ்.பி. 50 மாதிரி ஒரு கஷ்டமான மசோதாவைச் சொல்லி, நீங்கள் அன்று அவையில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நேரில் கேளுங்கள். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று ஆரம்பித்தால் நான்காம் எண்ணில் சொன்ன ஆள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

14. ஒருமுறையாவது சாக்ரமெண்டோ போய்வாருங்கள். ஃப்ரீமாண்டிலிருந்து இரண்டு மணி நேரம், ட்ராஃபிக் சதி செய்யாவிட்டால். கமிட்டி விசாரணைகளில் முக்கிய சாட்சிகள் பேசி முடித்ததும் பொதுமக்கள் வரிசையில் நிற்கலாம். மைக் முன்னால் பெயர், ஊர், ஆதரிக்கிறேன் அல்லது எதிர்க்கிறேன், அவ்வளவுதான் அனுமதி. அதற்கு மேல் பேசினால் தலைவர் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். 403க்கு அந்த வரிசை இரண்டு தரப்பிலும் நீண்டு நின்றது. நிற்கும்போது மேடையில் இருக்கும் உறுப்பினர்களைப் பாருங்கள். யார் கேட்கிறார், யார் போனைத் தடவுகிறார், யார் எழுந்து போய் வாக்கெடுப்புக்கு மட்டும் திரும்பி வருகிறார் என்று அந்த நாற்காலிகளிலேயே தெரிந்துவிடும். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள், உங்கள் மசோதா எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.